வலிக்குக் கோடு போட்டவர்

“ஒண்ணும் இல்ல” என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. நாமெல்லாம் வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். குழந்தை கீழே விழுந்தால் ஒண்ணும் இல்ல, கையில் சூடு பட்டால் ஒண்ணும் இல்ல, ஊசியைப் பார்த்து மிரளுகிற ஆட்டிடம்கூட ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல. அந்த டாக்டரம்மா மட்டும் “வலிக்கும்” என்பார். அதோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. “எவ்ளோன்னு பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

மாட்டு டாக்டருக்குப் படித்தவர். படித்தது போதாதென்று மேலே படிக்க எங்கள் விருத்தாசலத்துக்கு வந்து, பீங்கான் பட்டறைகள் இருக்கிற பக்கமாக ஒரு மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். சின்னக் கன்றுகளுக்குக் கொம்பு சுடும்போது எவ்வளவு வலிக்கிறது என்று அளப்பதுதான் படிப்பாம். இதைக் கேட்டுவிட்டு டீக்கடையில் சிரிக்காத ஆள் இல்லை. நானும்தான் சிரித்தேன். ஊர் சேர்ந்து அவருக்கு வலி டாக்டரம்மா என்று பேர் வைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது; அதை யார் கேட்டார்கள்?

ஆள் ஒல்லி. சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ், வெயிலுக்கு ஒரு துணித் தொப்பி. பேச்சு கம்மி, கேள்வி அதிகம். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மரியாதைக்குக்கூட வேறு பக்கம் திரும்பமாட்டார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

நான் பீங்கான் பட்டறையில் தரம் பிரிக்கிறவள். சூளையிலிருந்து இறங்குகிற அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பெட்டிக்குப் போகிற பீஸ் கட்டை எல்லாம் என் முன்னால் வந்து குவியும். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு, நல்லது ஒரு பக்கம், லேசாகக் குறையுள்ள செகண்ட்ஸ் ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம் போட வேண்டும். இடது கையில் எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். குறையில்லாத உருப்படி ஒன்றை அப்படிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் வருவதை அதோடு ஒப்பிட்டுத் தள்ளிக்கொண்டே போவோம். எனக்கு எதிரில் உட்கார்ந்து இதே வேலை செய்கிறவள் வசந்தா. என்னைவிட இளையவள், என்னைவிட வாய் ஜாஸ்தி.

ஒரு நாள் வசந்தா சூளைத் தட்டில் கையை வைத்துவிட்டாள். மறுநாள் டீக்கடையில் அந்தக் கையோடு நின்றுகொண்டிருந்தோம். டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்துவிட்டார்.

“வலிக்குதா?”

“சுட்டா வலிக்காம இன்னா பண்ணும்? அது கெடக்குது வுடுங்க மேடம், ஒண்ணும் இல்ல.”

“எவ்ளோ வலிக்குது?”

வசந்தா என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. டீயை ஒரு வாய் குடித்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். நேற்று எப்படி, இன்று எப்படி, சட்டைக் கை உரசினால் எப்படிச் சுருக்கென்கிறது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போனது, சாதம் பிசையும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, எல்லாம்.

“பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி?” என்றேன்.

“நீ எங்கக்கா கேட்ட?”

அவள் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன்.

இதைக் கேட்டு டாக்டரம்மா இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வசந்தா ஒரு தடவை நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போவதற்காகப் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியிடம் லீவு கேட்டாள். மேஸ்திரி நல்ல மனுஷன். போயிட்டு வாம்மா என்று சொல்லப் போகிற நேரம். டாக்டரம்மா எதற்கோ அங்கே வந்து நின்றவர், அவளை உற்றுப் பார்த்துவிட்டு, “வலி ரொம்பக் கம்மியாதான் இருக்கும். அந்தப் பக்கமே முறுக்கு கடிச்சுட்டு இருந்தாங்களே” என்றார். வஞ்சகம் எதுவும் கிடையாது. கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்னதுபோல முகம். வசந்தா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அவருக்கே ஒரு முறை மாடு காலை மிதித்துவிட்டது. பெருவிரல் நகம் கறுத்துப்போய் வீங்கியிருந்தது. நான் பதறிப்போய் ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். “பாதிக்குக் கொஞ்சம் மேலக்கா. முக்காலுக்கு வரல” என்றார். தன் வலியைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாத ஒரு மனுஷி.

எங்கள் தரம் பிரிக்கிற கொட்டகைக்கு ஒரு நாள் வந்தவர் வெகுநேரம் நின்று பார்த்தார். கை வேலையை விடாமல் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

“இத யார் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“அது எங்களுக்கு எதுக்கு? தெரிஞ்சா, வேண்டப்பட்டவங்க செஞ்சத நல்லதுல போடத் தோணும். எல்லாத்தையும் கலந்துதான் கொட்டுவாங்க.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “எனக்கு உங்க ரெண்டு பேர் கண்ணும் வேணும்” என்றார்.

எங்களுக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. பிறகு விளக்கினார். கன்றைப் பார்த்து அதற்கு எவ்வளவு வலிக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். மாடு வளர்க்கிறவர்களைக் கூட்டிப்போய்ப் பார்த்தாராம். “இதெல்லாம் ஒரு வலியா மேடம், எங்க காலத்துல பழுக்கக் காச்சி வெப்போம்னு சொல்றாங்க. கன்னப் பாக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது” என்றார். மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஆனால் நாளெல்லாம் பார்ப்பதே வேலையாக இருக்கிற கண்கள்தான் அவருக்குத் தேவையாக இருந்தன. பீங்கானைச் செய்தது யார் என்று எங்களுக்குத் தெரியாததுபோல, எந்தக் கன்றுக்குச் சுடுகிற இடம் மரத்துப்போக மரப்பு ஊசி போட்டது, எதற்குப் போடவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியக் கூடாது.

பண்ணை மங்கலம்பேட்டை போகிற வழியில் இருந்தது. பாய் ஒருவருடையது. பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒட்டகம் மேய்ப்பதைத் தவிர எல்லா வேலையும் பார்த்திருக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கன்றுகளுக்குக் கொட்டகையில் மின்விசிறி போட்டிருந்தார். கொசு அண்டாமல் புகை போடுவார். மோசமான ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொம்பு சுடுகிற விஷயத்தில் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது.

“கொம்போட வுட்டா ஒண்ண ஒண்ணு குத்திக்கினு வயித்தக் கிழிச்சிக்கும்மா. அதனால குட்டியிலயே சுட்டுடறோம். வெச்சா கத்தும், வுட்டா ஓடிப்பூடும். அவ்ளோதான் அதுக்கு வலி” என்றார் எங்களிடம்.

டாக்டரம்மா விடவில்லை. அவர் விடமாட்டார் என்று தெரிந்து, கடைசியில் பாயே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். “பாதிக் கன்னுக்கு மரப்பு ஊசி போடுங்க. பாதிக்கு வேணாம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சா, இனிமே இந்தப் பண்ணையில ஊசி போடாம ஒரு கன்னுக்கும் சுட மாட்டேன். தெரியலன்னா இந்தப் பேச்ச மறுபடி எங்கிட்ட எடுக்கக் கூடாது. சரியா?”

“சரி பாய்” என்றார் டாக்டரம்மா. யோசிக்கக்கூட இல்லை.

பண்ணையில் ஊசி போடுவதற்குக் குமார் என்று ஒருவர் இருந்தார். எல்லாக் கன்றுக்கும் ஊசி குத்துவார்; உள்ளே இருப்பது மரப்பு மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் தன் கண்ணும் பொய் சொல்லும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் கோயில் வாசலிலிருந்து நேரே கிளம்பிவிடுவேன். வசந்தா பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொள்வாள். முதல் நாள் கொம்பு சுட்டதைப் பார்த்தோம். கொம்பு முளைக்கிற இடத்தில் சூட்டுக் கம்பியை வைத்து ஒரு திருகு திருகினார்கள். முடி கருகுகிற நாற்றம். கன்று நாக்கை நீட்டிக் கத்திய கத்தலில் வசந்தா காதைப் பொத்திக்கொண்டாள்.

“கத்தறத வுட்டுடுங்கக்கா. புடிச்சு அமுக்கினாலே கத்தும். எல்லாரும் போனப்புறம் அது என்ன செய்யுதுன்னு பாருங்க” என்றார் டாக்டரம்மா.

அப்படித்தான் பார்க்கப் பழகினோம். பிடித்தவர்கள் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் மூவரும் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்துவிடுவோம். சத்தம் நின்றதற்கு அப்புறம்தான் எல்லாம் ஆரம்பிக்கும். ஒன்று தலையைத் தலையை உதறும். ஒன்று காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும். ஒன்று படுக்கும், எழுந்திருக்கும், மறுபடி படுக்கும். பால் வாளியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்னொன்று எதுவுமே நடக்காததுபோலப் பக்கத்துக் கன்றின் வாலைச் சப்பிக்கொண்டிருக்கும். நான் அதுவரை எத்தனையோ கன்றுகளைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு கன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தது அப்போதுதான்.

அளக்கிற விதம் எளிது. ஒரு நீளக் கோடு. இடது முனை, வலியே இல்லை. வலது முனை, இதற்கு மேல் வலியே கிடையாது. கன்றைப் பார்த்துவிட்டு நடுவில் எங்கே தோன்றுகிறதோ அங்கே ஒரு குறி போட வேண்டும். டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வார். முதலில் காகிதத்தில்தான் போட்டோம். சாணித் தண்ணீரில் பாதி நனைந்தது, மீதியை ஒரு கன்று தின்றுவிட்டது. நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் பட்டறையில் ஒரு முறை சுட்டு, மேலே பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸ் போடாமல் விட்ட நீளப் பட்டைகள் கிடந்தன. சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஆளுக்கொரு பட்டையில் கோடு கிழித்துக் கொடுத்தார். என் யோசனையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் சுட்டதும் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை குறி போடுவோம். ஒரு நாள் சாயங்காலம் ஒரு கன்று தூணில் தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“பையில மருந்த வெச்சிக்கினு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சு இல்லியா?”

“இவ்ளோ நாளா யாரும் பாக்காமலே நடந்துச்சுக்கா” என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. “முக்கால் கோட்டத் தாண்டுச்சுன்னா கணக்கு போனாப் போவுதுன்னு மருந்து போட்டுடுவேன். அது வரைக்கும் பாத்துதான் ஆவணும். பாக்கலன்னா அடுத்த கன்னுக்கும் இதேதான்.”

எனக்கு அவரைப் பிடித்ததா, பயமாக இருந்ததா என்று அந்த நேரத்தில் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

சில வாரங்களில் முடிவு தெரிய ஆரம்பித்தது. குமார் எந்தக் கன்றுக்கு எது என்று சொன்னார். டாக்டரம்மா கணக்குப் பார்த்தார். ஊசி போட்ட கன்றுகளுக்கு எங்கள் குறி இடது பக்கமாகவே இருந்தது. போடாதவற்றுக்கு வலது பக்கம். சாயங்காலம் எல்லாக் கன்றுக்கும் குறைந்துவிட்டிருந்தது. ஒரு ஊசி போதும், சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது என்பதுதான் கணக்கு சொன்னது. பாய் கேட்டுவிட்டு, “வாக்கு வாக்குதான். இனிமே ஊசி உண்டு” என்றார். அன்றைக்கு எங்கள் மூவருக்கும் பிரியாணி வந்தது. நானும் வசந்தாவும் ஏதோ தேர்தலில் ஜெயித்ததுபோலச் சாப்பிட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் மிச்சக் கன்றுகளில் சிலவற்றுக்கு, வாக்குப்படி ஊசி போட்டுச் சுட்டார்கள். இடைவேளையில் டாக்டரம்மா குழாயடியில் பட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“அக்கா, இங்க வாங்க.”

போய்ப் பார்த்தேன். எத்தனை துடைத்தாலும் பழைய சாக்பீஸ் குறிகள் மங்கலாகத் தெரிந்தன. கிளேஸ் போடாத பீங்கான் எதையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தானே, இதில் என்ன அதிசயம் என்று நின்றேன்.

“வசந்தா, நேரா சொல்லுங்க. குறி போடும்போது இதப் பாத்தீங்களா?”

“பாக்காம? அதானே மேடம் ஒத்தாசை. முந்தின கன்னு இங்க இருந்துச்சு, இது அத வுடக் கம்மி, அப்போ இங்க. மாதிரி இல்லாம எப்டிப் போடறது?”

அவர் என்னைப் பார்த்தார். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். அது எங்கள் வேலை. இடது கையில் மாதிரி இருந்தால்தான் வலது கைக்கு வேலை ஓடும். கையில் இல்லாத மாதிரியை நாங்கள் பட்டையில் தேடிக்கொண்டோம்.

டாக்டரம்மா குழாய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ நீங்க இந்தக் கன்னப் பாக்கல. முந்தின கன்ன விட இது எவ்ளோ கம்மின்னு பாத்திருக்கீங்க. காலையில அவ்ளோ கத்தினத மாதிரியா வெச்சா, சாயங்காலம் எதப் பாத்தாலும் கம்மியாத்தான் தெரியும்” என்றார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “எல்லாம் போச்சு. பாய்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்களுக்கு ஏதாச்சும் புத்தி இருக்குதா? அந்த மனுஷன் ஊசி போடறேன்னு ஒத்துக்கினு இருக்காரு. கன்னுங்களுக்கு நல்லது நடக்குது. இப்பப் போயி எல்லாம் தப்புன்னு சொன்னா, பழையபடி சுடறேன்னு சொல்லிட மாட்டாரா? அப்பறம் அதுங்க கதறுனா யாரு பொறுப்பு? சும்மா இருங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேக்கா.”

“தெரிஞ்சா தெரியட்டும்! கன்னுக்கா உங்க நேர்மை வேணும்? அதுக்கு ஊசிதான் வேணும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன். ஆனாலும் வார்த்தை மாறவில்லை. “கன்னுக்கு எவ்ளோ வலின்னு நாம சொல்றத நம்பித்தான் அவர் ஊசி போடறார். அதுக்குப் பேச வாய் இல்ல. நாம ஒரு தடவ தப்பா சொன்னா, அது வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாய் நடுமுற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. “உங்க வாயாலயே தப்புன்றீங்க! அப்பறம் நான் எதுக்கு ஊசி போடணும்?” டாக்டரம்மா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. குரல் உயரவே இல்லை. திரும்பி வந்து, “மிச்சம் இருக்கற கன்னுங்கள வெச்சு இன்னொரு தடவ பாக்க விடறேன்றார். அதுலயும் தெளிவா இல்லன்னா ஊசி கெடையாது” என்றார்.

மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். இந்தத் தடவை எங்கள் மேஸ்திரியிடம் கெஞ்சி, மீந்த களிமண்ணில் சின்னச் சின்னப் பட்டைகளாகச் சுட்டுக்கொண்டோம். ஒரு குறிக்கு ஒரு பட்டை. போட்டதும் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பண்ணையை ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும். வேலை பார்க்கும்போது என் இடது கை அது பாட்டுக்கு எதையோ பிடிக்கப் பார்க்கும். “கைய மடியில வைங்கக்கா” என்பார் டாக்டரம்மா. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பிட எதுவும் இல்லாமல், எதிரில் இருக்கிற ஒரே ஒரு கன்றைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்குள் இருந்த கோபம் எந்த நேரத்தில் போனது என்று தெரியவில்லை.

முடிவில் குமார் வாயைத் திறந்தார். காலையில் ஊசி போட்ட கன்றுகளுக்கும் போடாதவற்றுக்கும் வித்தியாசம் முன்பு இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. வசந்தா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலக் குறிகள் வேறு கதை சொல்லின. மரப்பு விட்டதும் ஊசி போட்ட கன்றுகளுக்கும் வலி ஏறியிருந்தது. முதல் தடவை எங்கள் பழைய குறிகள் மூடி மறைத்தது இதைத்தான். ஊசியோடு, மரப்பு விட்ட பிறகும் நிற்கிறாற்போல இன்னொரு வலி மருந்தும் வேண்டும். ஒன்றுக்கே அரைமனதாக இருக்கிற பாயிடம் இப்போது இரண்டு கேட்க வேண்டும்.

மறு ஞாயிறு கடைசியாக மிஞ்சிய ஒரு கன்றுக்குக் காலையிலேயே சுட்டிருந்தார்கள். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து பாய் வந்தார். டாக்டரம்மா நேராக விஷயத்தைச் சொன்னார்.

“அன்னிக்கி ஒண்ணு போதும்னீங்க. இன்னிக்கி ரெண்டுன்றீங்க. நாளைக்கு மூணா?” பாய்க்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

“நாளைக்கு என்ன தெரியுதோ அதச் சொல்வேன் பாய்.”

“நான் எத நம்பறது?”

டாக்டரம்மா ஒரு பட்டையையும் சாக்பீஸையும் அவர் கையில் கொடுத்தார். “உங்க கண்ண நம்புங்க. உக்காந்து பாருங்க.”

பாய் எங்களைப் பார்த்தார். நான் என் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். அந்தக் கன்றுக்கு ஊசி போட்டதா இல்லையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. குமார் வேலியருகே வாயை மூடிக்கொண்டு நின்றார்.

முதலில் பாய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் பைக்குள் போனது. கன்று சுவரோரம் நின்றது. தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால் மடித்து, பின்னங்காலைத் தூக்கித் தலையருகே கொண்டுபோய், தொடாமலே இறக்கியது. படுத்தது. எழுந்தது. பக்கத்தில் ஒரு கன்று வந்து முகர்ந்தபோது வெடுக்கென்று விலகியது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பாய் முன்னால் குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னதும் சாக்பீஸை எடுத்தார். பட்டையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கை கொஞ்ச நேரம் அலைந்தது. பாதியைத் தாண்டி, முக்காலைத் தொடுகிற இடத்தில் அழுத்திப் போட்டார்.

“குமாரு, இதுக்கு ஊசி போட்டுதா?”

“போட்டது பாய்.”

பாய் முகம் வெளுத்துப்போனது. “ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா வூட்டுக்குப் போயிடுவேனே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து, கன்றின் கழுத்தைத் தொடப் போனவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். “அந்த ரெண்டாவது மருந்த எடுங்கம்மா. இதுக்கு இப்பவே போடுங்க. இனிமே எல்லாத்துக்கும் ரெண்டும்தான்.”

டாக்டரம்மா பையைத் திறந்து மருந்தை ஊசியில் ஏற்றினார். போட்டு முடித்துவிட்டு வந்து, பாய் கையிலிருந்த பட்டையை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“இத நான் கணக்குல எடுத்துக்க முடியாது பாய்” என்றார். “நீங்க உக்கார்றதுக்கு முன்னாடியே நான் பேசிட்டேன். உங்க கண்ணுல என் பேச்சு ஏறியிருக்கும்.”

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொழுகைக்குக் கிளம்பியவர் நின்றார்.

“உங்க கணக்குக்கு இல்லம்மா, எனக்கு வேணும்” என்று சொல்லி, பட்டையைத் திரும்ப வாங்கி, குறி அழியாமல் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.